பின்வரிசைக்காரர்கள் முதலில்

அன்புசெல்விக்குப் பாட வராது. சபையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. ஞாயிறு ஆராதனையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள், தங்கள் சுருதியும் சேர்ந்து கெட்டுவிடக் கூடாதென்று கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். அவளும் அதைக் கண்டும் காணாதவள்போல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் கதை சொல்ல வாயெடுத்துவிட்டால், அழுகிற பிள்ளையை வைத்திருப்பவள்கூட எழுந்து வெளியே போகமாட்டாள்.

பொங்கலூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அவளுக்கு. தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பம். அப்பா கோழிப்பண்ணையில் வேலை செய்தார். பத்தாவது முடித்த கையோடு அவளைத் திருப்பூருக்குக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டார்கள். கைமடியாகச் சேர்ந்தாள். தையல்காரர்கள் தைத்துத் தள்ளுகிற துணியை எடுத்து மடித்து அடுக்குகிற வேலை. பிறகு துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தாள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிய இப்போது செக்கிங் பிரிவே அவள் பொறுப்பில் இருக்கிறது. டீ நேரத்தில் அவளைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்துகொள்ளும். பேருந்தில் நடந்த சண்டையோ பழைய ஏற்பாட்டு யுத்தமோ, எதைச் சொன்னாலும் டீ ஆறிப்போகும்.

இசக்கிமுத்துவைக் கட்டிக்கொண்டதும் கம்பெனிப் பழக்கத்தில்தான். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர், அவள் கம்பெனிக்குத் துணி அனுப்புகிற சாயப்பட்டறையில் வேலை. அவர் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிற குடும்பம், இவள் வேதக்காரி. இரண்டு வீட்டிலும் கொஞ்ச காலம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு ஓய்ந்தார்கள். அவரும் சபைக்கு வருவார். கடைசி வரிசையில் உட்காருவார். ஜெபம் நீண்டால் மெல்ல எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார். அவள் கதை சொல்கிற நாளில் மட்டும் இடத்தைவிட்டு அசையமாட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால், அவள் வேலை பார்த்த பழைய கம்பெனியில் ஒன்று நடந்தது. ஒரு மத்தியானம் அயர்ன் பிரிவில் நீராவிக் குழாய் பெரிய சத்தத்தோடு வெடித்தது. யாரோ ஒருத்தி தீ, தீ என்று கத்தினாள். மாடியிலிருந்த அத்தனை பேரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள். அன்புசெல்வியின் கூட்டாளி பழனியம்மாள் படி திரும்புகிற இடத்தில் தடுக்கி விழுந்தாள். பின்னால் வந்தவர்களால் நிற்க முடியவில்லை. அன்புசெல்வியைச் சுவரோடு சேர்த்து நெருக்கிவிட்டார்கள். கையை நீட்டியும் எட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பழனியம்மாள் உயிர் போய்விட்டது. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு நூல்கூடத் தீப்பிடிக்கவில்லை. அதற்கப்புறம் புதிதாக எந்த இடத்துக்குப் போனாலும் அன்புசெல்வியின் கண் முதலில் படியைத்தான் தேடும். கல்யாண வீட்டில்கூட, மணமேடையைப் பார்ப்பதற்கு முன்னால்.

பெரியவர்களுக்கான கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி அவள் யோசனை. அதுவரை சபையில் கிறிஸ்துமஸ் என்றால் பிள்ளைகள் நாடகம்தான். பஞ்சுத் தாடி ஒட்டிய மேய்ப்பர்கள், ஜிகினாத் தாள் சிறகோடு தேவதூதர்கள், அவர்களைப் போனில் படம் பிடிக்கிற பெற்றோர்கள். ஒரு வருஷம் அவள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது கவனித்தாள். பிள்ளைகள் கேக்குக்காக நெளிந்துகொண்டிருக்க, பின்னால் நின்ற பெரியவர்கள்தான் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரமே போதகரிடம் போய் நின்றாள்.

"கொழந்தைகளுக்குப் புரியற கதையா ஐயா இது? பொண்டாட்டி மேல சந்தேகப்பட்ட புருசன், நெறமாசத்துல ஊடு கெடைக்காம அலையறவ, கொழந்தைகளக் கொன்னு போட்ட ராசா. ஊரு உட்டு ஊரு வந்து வாடகைக்கு ஊடு தேடுன சனத்துக்கல்லவுங்க இது தெரியும்? அவங்களுக்குன்னு ஒரு நாள் சொல்லலாமுங்க. நடுநடுவுல பாட்டு வெச்சுக்கலாம்."

போதகர் சம்மதித்தார். பாட்டுக்கு சதீஷ்குமாரைப் பிடித்தாள். அவள் கம்பெனியிலேயே தையல் பிரிவில் இருப்பவன், கோயில் நோம்பிகளிலும் கல்யாணங்களிலும் கீபோர்டு வாசிப்பவன். பைபிளைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அவள் கதையைச் சொல்லச் சொல்ல அவன் மெட்டுப் போட்டான். வரிகளை இரண்டு பேருமாக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கட்டினார்கள். நோட்டீசில் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று அச்சடித்ததைப் பார்த்துக் கம்பெனியில் ஆண்கள் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களும் வந்தார்கள். முதல் வருஷம் சபைக்குள்ளேயே நடந்தது. மறு வருஷம் வாசலுக்கு வெளியிலும் நாற்காலி போட வேண்டியிருந்தது. மூன்றாவது வருஷம் மங்கலம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் மாடியில் இருந்த மண்டபத்தைப் பிடித்தார்கள்.

மண்டபத்தைப் பார்க்கப் போனபோது அன்புசெல்வி வழக்கம்போல் முதலில் படிகளை ஏறி இறங்கிப் பார்த்தாள். முன்வாசல் படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம். மேடைக்குப் பின்னால் சமையலறை வழியாக இன்னொரு படி இருந்தது. இரண்டு வழி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கட்டடத்தின் பின்பக்கம் கீழே ஒரு பனியன் வேஸ்ட் குடோன். வெட்டுத் துணியும் நூல் கழிவும் கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். அந்தத் தெருவில் பாதிக் கட்டடங்கள் அப்படித்தான். அதை அவள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை. இருட்டத் தொடங்கும்போதே மண்டபம் நிறைந்துவிட்டது. பிள்ளைகளைச் சபையில் விளையாட்டும் கேக்குமாக உட்கார்த்திவிட்டு வந்திருந்தார்கள். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண்கள் பின்னால் இரண்டு மூன்று வரிசையை நிரப்பியிருந்தார்கள். முன்வரிசையில், மேடைக்கு நேர் கீழே, பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தாள். விருதுநகர்ப் பக்கத்துக்காரி. முழங்கால் இரண்டும் தேய்ந்து, மகள் வினிதா தோளைப் பிடித்துக்கொண்டுதான் மாடி ஏறினாள். வினிதா அன்புசெல்வியின் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறவள். அம்மாவுக்கு நன்றாகத் தெரிய வேண்டுமென்று அவளே முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

நீலத் திரைக்கு முன்னால் பாடகர் குழு. ஓரத்தில் சதீஷ்குமாரின் கீபோர்டு. அன்புசெல்வி மைக்கைப் பிடித்துக்கொண்டு முதலில் கூட்டத்துக்கு ஒரு பல்லவி சொல்லிக்கொடுத்தாள். கர்ப்பிணியான மரியாளை நடத்திக் கூட்டிப் போகிற யோசேப்பு அவளிடம் சொல்வதாக வருவது. அவள் வரியைச் சொல்ல, குழுவின் முதல் குரலான கீதாஞ்சலி பாடிக் காட்டினாள்.

"பைய நட மரியா, பைய நட
ஊரு எங்கியும் ஓடிராது, பைய நட."

இரண்டாம் முறையே கூட்டம் பிடித்துக்கொண்டது. பிறகு கதை தொடங்கியது. யோசேப்பின் சந்தேகத்தைச் சொன்னபோது ஆண்கள் பக்கம் ஒருவரும் இருமக்கூட இல்லை. பெத்லகேமில் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிற இடத்துக்கு வந்தாள். எத்தனை பேர், எந்த ஊர், என்ன ஆளுங்க என்று வீட்டுக்காரர்கள் கேட்கிற கேள்விகளை அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கூட்டத்தில் கசப்பாக ஒரு சிரிப்பு எழுந்தது. கீதாஞ்சலி கதவுப் பாட்டை எடுத்தாள். அன்புசெல்வி மேடையோரம் நகர்ந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

அப்போது, சாப்பாட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்த இசக்கிமுத்து சமையலறைப் பக்கமிருந்து வந்தார். வேகமாக வரவில்லை. மேடையோரத்தில் நின்று, காதருகில் குனிந்தார். அவர் சட்டையில் புகை வாடை அடித்தது.

"செல்வி, சத்தம் போட்டுராத. கீழ குடோன்ல தீப்பிடிச்சிட்டு. பின்படி முழுக்கப் புகை. அந்த வழி இனி ஆகாது."

அவள் கையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள்.

"ஃபயர் சர்வீசுக்குச் சொல்லியாச்சுங்களா?"

"சொல்லியாச்சு. சமையல்காரங்கள ஓரமாவே முன்வாசலுக்கு அனுப்பியாச்சு. மைக்கக் குடு, நான் சொல்லுதேன். எல்லாரும் இறங்கிரட்டும்."

அவள் மண்டபத்தைப் பார்த்தாள். நெருக்கிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் இரண்டு பேர் நடக்கிற அளவுக்கு வழி. அந்தக் கடைசியில் ஒரே ஒரு வாசல். அதற்கப்புறம் திருப்பம் வைத்த படி. பழனியம்மாளின் கை சுவரோரம் கிடந்தது கண்முன் வந்து போனது.

"வேண்டாங்க," என்றாள். "தீன்னு சொன்னம்னா படியிலயே பாதிப் பேரு போயிருவாங்க. நீங்க வாசலுக்குப் போய் நில்லுங்க. ரெண்டு ரெண்டு பேரா எறக்குங்க. படி திரும்பற எடத்துல ஒருத்தர நிறுத்துங்க. எறங்குனவங்க ரோட்டுக்கு அக்கட்டப் போயிரோணும், கீழ கும்பலா நிக்கக் கூடாது."

"நீ?"

"நான் பேசிட்டே இருக்கறனுங்க."

இசக்கிமுத்து ஓரமாக, நாற்காலிகளில் இடிக்காமல், கழிப்பறைக்குப் போகிறவர்போல் வாசலை நோக்கி நடந்தார். வழியில் இரண்டு ஆட்களைத் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டார்.

கீதாஞ்சலியின் பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. அடுத்து மாட்டுத் தொழுவம் வரவேண்டும், பிறகு பிறப்பு, மேய்ப்பர்கள், ராசாக்கள். எகிப்துக்கு ஓடுகிற கட்டம் கடைசியில்தான். அன்புசெல்வி மைக்கை எடுத்து நேராக அங்கே தாவினாள்.

"கொழந்தை பொறந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுங்க. தெரியாத ஒரு ராத்திரியச் சொல்றேன். யோசேப்பு அசந்து தூங்கறான். கனவுல தூதன் வந்து சொல்றான். எந்திரி, புள்ளயையும் தாயையும் கூட்டிட்டு இப்பவே பொறப்படு. ஏரோது ராசாவோட ஆளுங்க புள்ளயக் கொல்லக் கெளம்பிட்டாங்க."

கீதாஞ்சலி அவளருகில் நகர்ந்து, "அக்கா, இது கடைசியில தானுங்க வரும்," என்று மெல்லச் சொன்னாள். அன்புசெல்வி மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"பல்லவிய எடு கண்ணு. எதும் கேக்காத, பாடு."

சதீஷ்குமார் இதைப் பார்த்தான். மூக்கை உயர்த்தி ஒருதரம் முகர்ந்தான். அவள் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் முகம் மாறியது, விரல் மாறவில்லை. பல்லவியின் மெட்டை, நடக்கிற தாளத்துக்கு இழுத்து வாசிக்கத் தொடங்கினான்.

"யோசேப்பு கத்துனானுங்களா?" என்று அன்புசெல்வி தொடர்ந்தாள். "கத்துனா ஊரே முழிச்சுக்கும். வௌக்குக்கூட ஏத்தல. மரியாளோட தோளத் தொட்டு, எந்திரிம்மா, ஒண்ணும் கேக்காத, நட அப்படின்னான். இந்தக் கதைய உக்காந்துட்டுக் கேட்டாச் சரிவராதுங்க. அவங்க நடந்த மாதிரி நாமளும் நடந்து பாக்கலாம். பின்வரிசைக்காரங்க மொதல்ல எந்திரிங்க. பாடிட்டே வாசலுக்கு வெளிய, ரோட்டுக்குப் போங்க. அங்கதான் எகிப்து. ரெண்டு ரெண்டு பேரா, கையப் புடிச்சுக்கங்க."

ஹாஸ்டல் பெண்கள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். கிறிஸ்துமஸ் பவனி போவது அவர்களுக்குப் புதிதில்லை. ஒரு வரிசை போனது. அடுத்த வரிசை எழுந்தது. வாசலில் இசக்கிமுத்து, கோயிலில் வரிசை விடுகிறவர்போலக் கையால் தடுத்தும் விட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். அன்புசெல்விக்கு முதுகுப் பக்கம் சூடு தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அவள் திரும்பினால் கூட்டமும் அங்கே பார்க்கும்.

நடுவரிசையில் ஒரு பெரியவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்கம்மணி, சோறு போடாமயே தொரத்தி உடறீங்களே," என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்புசெல்வியும் சிரித்தாள். சிரிப்பதற்குக் கன்னத்தை இழுக்க வேண்டியிருந்தது.

"எகிப்துல போடறோமுங்க. எந்திரிங்க சாமி, உங்க வரிசைக்குப் பின்னால நெறையப் பேர் இருக்கறாங்க."

அவர் எழுந்தார். அவருடைய வரிசையும் எழுந்தது. மண்டபத்தில் பாதி காலியாகியிருக்கும். நீலத் திரைக்கு மேலே, கூரையை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை முன்பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. கீதாஞ்சலி அதைப் பார்த்துவிட்டாள். பல்லவியின் நடுவில் அவள் குரல் அறுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பாட்டை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

முன்வரிசையிலிருந்து வினிதா எழுந்து நின்றாள். "அக்கா, என்ன எரியுது?" என்று சத்தமாகக் கேட்டாள்.

இனி மறைப்பதற்கு எதுவும் இல்லை. ஒளித்தால் அடுத்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிடும். அன்புசெல்வி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, அதுவரை பேசிய அதே குரலில் சொன்னாள்.

"ஆமாங்க. கீழ எரியுது. அதுக்குத்தான் எல்லாரையும் எறக்கிட்டு இருக்கறோம். வழி தெறந்துதான் இருக்குது. நடந்தம்னா எல்லாரும் போயிறலாம்."

நாற்காலிகள் தடதடவென்று சாய்ந்தன. நடுவழியில் ஒரே நேரத்தில் நாலைந்து பேர் பாய்ந்தார்கள். யாரோ ஒரு அம்மாளின் சேலை மிதிபட்டு அவள் மண்டியிட்டு விழுந்தாள்.

"நில்லுங்க," என்றாள் அன்புசெல்வி. கத்தவில்லை. கம்பெனியில் ஒரு லாட் துணி முழுக்கத் தவறாகப் போகும்போது அவள் பேசுகிற குரல் அது. "அந்தம்மாவத் தூக்கி உடுங்க. என்ற சிநேகிதி இப்படி ஓடித்தான் செத்தா. தீயில இல்லீங்க, படியில. நான் பாத்துட்டே நின்னேன். ஓடாதீங்க. முன்னாடி போறவங்க தோள் மேல ஒரு கை வெச்சுக்கங்க. வெச்சுட்டு நடங்க."

முன்னால் பாய்ந்தவர்களில் ஒருவர் திரும்பி அந்த அம்மாளைத் தூக்கினார். கைகள் தோள்களில் விழுந்தன. நெருக்கமாகத்தான் போனார்கள், தள்ளிக்கொண்டுதான் போனார்கள், ஆனால் ஓடவில்லை.

அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று.

இருட்டில் எழுந்த கூச்சல் ஒரே குரலாக வந்தது. மைக் செத்துவிட்டது. சில போன்களின் வெளிச்சம் புகைக்குள் இங்குமங்கும் ஆடியது. அன்புசெல்வி தன் தொண்டையையே நம்பிப் பேசினாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே பிறகு சரியாக நினைவில்லை. பாலைவனத்தில் யோசேப்பு எப்படித் தடம் பார்த்து நடந்தான் என்று சொன்னாளாம். வாசல் நேராக இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம். நடுவில் இருமல் வந்தபோது மட்டும் நிறுத்தினாள். அந்த இடைவெளியில் வாசல் பக்கமிருந்து பாட்டு கேட்டது. படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் பல்லவியை விடாமல் பாடிக்கொண்டு போனார்கள். படிக்கட்டுச் சுவரில் மோதி அது மேலே வந்தது. மண்டபத்துக்குள் இருந்தவர்களுக்கு வழி எந்தப் பக்கம் என்பது அதில் தெரிந்தது. ஹாஸ்டல் பெண் ஒருத்தி பின்னாளில் கம்பெனியில் சொன்னாள்: கீழே போய்ச் சேரும் வரைக்கும், அக்கா குரல் மேலே கேட்டுக்கொண்டிருக்கிறதா என்றுதான் காது வைத்துக்கொண்டிருந்தோம், அக்காவே ஓடவில்லை என்றால் நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

முன்வரிசை கடைசியாக நகர்ந்தது. பாண்டியம்மாளால் எழ முடியவில்லை. வினிதா அவள் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய விட்டுட்டு நீ போத்தா," என்றாள் பாண்டியம்மாள். "இந்தக் காலு எங்க வரப்போகுது."

சதீஷ்குமார் கீபோர்டை அப்படியே விட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்தான். பாடகர் குழுவில் ஒருவரும் அவனுமாக நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். வினிதா போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கீதாஞ்சலியையும் மற்றவர்களையும் அவர்களுக்குப் பின்னால் அனுப்பிவிட்டு அன்புசெல்வி திரும்பிப் பார்த்தாள். திரையின் அடி ஓரம் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் கவிழ்ந்த நாற்காலிகள் தெரிந்தன.

"யாராச்சும் இருக்கறீங்களா?"

பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டாள். நாற்காலிகளுக்கு நடுவில் யாராவது மயங்கிக் கிடந்தால் பதில் எப்படி வரும் என்று தோன்றியது. குனிந்து தரையோரம் பார்த்தாள். புகை கண்ணை அடைத்தது. இரண்டடி உள்ளே போனவளை யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள். இசக்கிமுத்து.

"வா."

"உள்ள ஆரோ இருந்தா?"

"வான்னு சொல்லுதேன்லா."

படியில் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினாள். திருப்பத்தில் அவள் கால் தானாகத் தயங்கியது. இசக்கிமுத்து பிடியை விடவில்லை.

தெருவில் கூட்டம் சாலையின் மறுபக்கம் நெருக்கிக்கொண்டு நின்றது. தீயணைப்பு வண்டி வந்திருந்தது, வீரர்கள் குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குடோனிலிருந்து தீ மாடி ஜன்னல் உயரத்துக்கு எழும்பியது. அன்புசெல்விக்கு அதைப் பார்க்கத் தெம்பில்லை. அவள் முகங்களைப் பார்த்துக்கொண்டு போனாள். உங்க வீட்டுக்காரர் வந்துட்டாருங்களா, உங்க பக்கத்துல உக்காந்திருந்த அம்மா எங்கீங்க என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். உள்ளே ஒருத்தர் கிடந்தாலும், தீ என்று சொல்லாமல் கதை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். அந்தக் கணக்கை வேறு யார் தலையிலும் வைக்க முடியாது. ஹாஸ்டல் வார்டன் பெண்களைத் திரும்பத் திரும்ப நிறுத்தி எண்ணினாள். ஒருத்தி குறைந்தாள். அவள் பேரைச் சொல்லித் தெரு முழுக்கக் கூப்பிட்டார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் முகமூடியை மாட்டிக்கொண்டு படியேறினார். அன்புசெல்வி சாலை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் தெருமுனை மருந்துக்கடையில், முட்டியில் சிராய்ப்புக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்து கூட்டி வருவதற்குள் ஒரு யுகம் போனதுபோல் இருந்தது. மாடிக்குப் போனவர் இறங்கி வந்து, உள்ளே யாரும் இல்லை என்று கையை விரித்துக் காட்டினார்.

கூட்டத்தில் அழுகையும் ஜெபமும் ஒன்றாக எழுந்தன. யாரோ அன்புசெல்வியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அப்போதுதான் வினிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். அவள் முகத்தில் கரி படிந்திருந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்க்கா?"

அன்புசெல்வி கையை ஊன்றி எழுந்தாள்.

"மொதல்லயே தெரியும்ல? உங்க வீட்டுக்காரரு வந்து காதுல சொன்னாக, நான் பாத்தேன். நெருப்புக்குப் பக்கத்துல எங்கம்மா உக்காந்திருக்காக. நடக்க முடியாதவுக. அவுகள முன்னாடி உக்கார வச்சுக்கிட்டு எகிப்து, யோசேப்புன்னு கதை சொல்லிக்கிட்டு இருந்தீக. பின்வரிசைக்காரங்க மொதல்லயாம். எங்கம்மா செத்தாக் கடைசியாச் சாகட்டும்னு தான?"

"வினிதா, படி ஒண்ணுதான் இருந்துச்சு கண்ணு."

"எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்ல. அப்பவே தூக்கிட்டுப் போயிருப்பேன்."

பதில் சொல்ல அன்புசெல்வி வாயைத் திறந்தாள். வினிதா அம்மாவை நடுவழியில் தூக்கிக்கொண்டு போயிருந்தால் மற்றவர்கள் ஏன் என்று கேட்டிருப்பார்கள், அப்புறம் யாரையும் பிடித்திருக்க முடியாது. இதெல்லாம் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் வினிதா சொன்னதிலும் பொய் இல்லை. அவளுடைய அம்மாவைக் கடைசியில் வைத்தது அன்புசெல்விதான், தெரிந்தே வைத்தாள். வினிதா போய்விட்டாள். பாண்டியம்மாள் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் சாலையோரம் உட்கார்ந்து, யாரோ கொடுத்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் மேடையும் பின்பக்கமும் எரிந்துபோயின. சதீஷ்குமார் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு கிடந்தான். அன்புசெல்விக்குத் தொண்டை கட்டிப் பல வாரம் பேச்சு வரவில்லை. அடுத்த ஞாயிறு சபையில் அவளுக்குச் சால்வை போட்டார்கள். வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். குரல் திரும்பிய பிறகும் டீ நேரத்தில் அவள் கதை சொல்லவில்லை. சுற்றி வந்து உட்கார்ந்தவர்கள் சும்மா டீ குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

இரவில் எழுந்து உட்கார்ந்திருப்பவளை இசக்கிமுத்து பார்ப்பார். ஒருநாள் அவரே கேட்டார்.

"அந்தப் பிள்ள சொன்னதையா நெனச்சுக்கிட்டு இருக்க?"

"அவ சொன்னது தப்பில்லீங்களே."

"நீ செஞ்சதும் தப்பில்ல. ரெண்டும் இருக்கும்."

வினிதா வேறு கம்பெனிக்குப் போய்விடுவாள் என்று அன்புசெல்வி எதிர்பார்த்தாள். போகவில்லை. செக்கிங் டேபிளில் அவளுக்கு எதிரிலேயே நின்று துணியைப் பார்த்தாள். வேலை விஷயம் மட்டும் பேசினாள். ஒரு நாள், வேலைக்கு நடுவில், தலையை நிமிர்த்தாமலே, "அம்மா உங்களக் கேட்டாக," என்றாள். அன்புசெல்வி அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போனாள். பாண்டியம்மாள் அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்கால் வலிக்குப் பூசுகிற தைலத்தைப் பற்றியும், ஊரில் மழை பெய்ததைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாள். வினிதா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். உட்காரவில்லை.

அடுத்த கார்த்திகை மாதம் பிறந்த நேரத்தில் போதகர் கம்பெனிக்கே வந்துவிட்டார். இந்த வருஷம் உண்டா என்று கேட்டார். சதீஷ்குமார் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான், அவனுக்குச் சபையார் சேர்ந்து வேறு கீபோர்டு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அன்புசெல்வி கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"மண்டபம் வேண்டாங்க ஐயா," என்றாள். "காலி எடமாப் பாருங்க."

பள்ளிக்கூட மைதானம் கிடைத்தது. நாலு பக்கமும் திறப்பு. நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போடச் சொன்னாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது, பெண்கள் சேலைத் தலைப்பைக் காதுவரை இழுத்து மூடியிருந்தார்கள். போன வருஷம் வந்தவர்களில் சிலர் வரவில்லை. பலர் வந்திருந்தார்கள். மேடையில் மைக்கை வாங்கியதும் அன்புசெல்வி கதையைத் தொடங்காமல், எந்தெந்தப் பக்கம் வழி இருக்கிறது என்று கையைக் காட்டிச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது வினிதா வந்தாள். ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி, இன்னொரு தோளில் அம்மாவின் கை. முன்வரிசையில் இடம் இருந்தது. அவள் அங்கே போகவில்லை. கடைசி வரிசைக்கும் பின்னால், கேட்டை ஒட்டி நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்காரவைத்தாள். பிறகு நிமிர்ந்து, மேடையை நேராகப் பார்த்து நின்றாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

அன்புசெல்வி தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கேட் வரைக்கும் எட்டுகிற அளவுக்குக் குரலை உயர்த்தினாள்.